கீரை ஆயும் கைகள்: வார இறுதி நடிப்பு வகுப்பில் ஒரு கணித ஆசிரியை

சென்னை வடபழனியில் ஒரு மாடிக் கூடம் இருக்கிறது. வார நாட்களில் அங்கே குழந்தைகள் பரதநாட்டியம் கற்கிறார்கள். சனி, ஞாயிறு காலைகளில் நாங்கள் அதை வாடகைக்கு எடுத்து, வேலைக்குச் செல்லும் பெரியவர்களுக்கு நடிப்புப் பயிற்சி அளித்து வருகிறோம். ஒரு சுற்று 12 வாரங்கள் நடக்கும். காலை 7 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு முடியும் வகுப்புகளைக் கூட்டினால் மொத்தம் 72 மணி நேரம் வரும். அப்படியொரு சுற்றில் சேர்ந்த 14 பேரில் ஒருவரைப் பற்றிய ஆய்வு இது. அவருக்கு வயது 47. 22 ஆண்டுகளாகப் பள்ளியில் கணிதம் கற்பிப்பவர். அவருடைய ஒப்புதலோடும், எழுதியதை அவர் ஒரு முறை வாசித்துத் திருத்திய பிறகும் இதை வெளியிடுகிறேன். பெயரும் பள்ளியும் வேண்டாம் என்பது எங்கள் இருவரின் முடிவு. ஆகவே அவரை ஆசிரியை என்றே குறிப்பிடுகிறேன்.

அந்தச் சுற்றில் அவரைவிட விரைவாகத் தேறியவர்கள் இருந்தார்கள். இருந்தும் இவருடைய பயிற்சியை எழுதத் தேர்ந்ததற்குக் காரணம், இவரிடம்தான் நான் பிழையாகக் கணித்தேன், பிழையாகப் பயிற்றுவித்தேன், பிறகு அதைத் திருத்திக்கொள்ளவும் வாய்ப்புப் பெற்றேன் என்பதே. பெரியவர்களுக்கு நடிப்பு கற்பிக்கும் பிறருக்கும், நாற்பதைக் கடந்த பின் கற்க வரத் தயங்குபவர்களுக்கும் இந்த விவரங்கள் பயன்படும் என்று நம்புகிறேன்.

வருபவர்கள்

அலுவலகம் முடிந்து வந்து நடிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர் வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் பணியாற்றிக்கொண்டே நாடகங்கள் எழுதி, நடித்து, நடத்தியவர். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துத் தொழில்முறைக் குழுக்களில் சிறுவர்களாகவே சேர்ந்து, பாட்டும் வசனமும் நடையும் ஒரே வாத்தியாரிடம் ஆண்டுக்கணக்கில் பயின்றவர்கள் ஒரு பக்கம். படிப்பும் பதவியும் குடும்பமும் அமைந்த பிறகு ஆசையால் மேடையேறியவர்கள் மறு பக்கம். 1977-இல் ந. முத்துசாமி நிறுவிய கூத்துப்பட்டறை, தெருக்கூத்திலிருந்து கற்றுக்கொண்டு முழுநேர நடிகர்களை வளர்த்தெடுத்தது இவை இரண்டிலிருந்தும் வேறுபட்ட மூன்றாவது வழி. எங்கள் வகுப்பு சம்பந்த முதலியாரின் வழியைச் சேர்ந்தது. முழுநேரப் பயிற்சியின் உடல் வலிமையையோ கூத்துக் கலைஞரின் இரவு முழுதும் ஆடும் தெம்பையோ 72 மணி நேரத்தில் யாருக்கும் தந்துவிட முடியாது. தரக்கூடியது ஒன்றுண்டு: எதிரே நிற்பவர் பேசுவதைக் கேட்கவும், கேட்டதற்கு மறுமொழி தரவும் பழக்குவது. மற்றவையெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று நான் கருதுகிறேன்.

பெரியவர்களிடம் ஒரு சிக்கல் உண்டு. அவர்கள் ஏற்கெனவே நடிப்பவர்கள். வங்கியில் வாடிக்கையாளர் முன்னால் ஒரு முகம், மாமியார் வீட்டில் ஒரு குரல், மேலதிகாரியிடம் ஒரு நிற்கும் விதம் என்று இருபது ஆண்டுகளில் உடம்பு பழகிப்போயிருக்கும். அந்தப் பழக்கம் பிழையன்று; அதனால்தான் அவர்களின் வாழ்க்கை ஓடுகிறது. ஆனால், வகுப்புக்குள் நுழையும்போது அதைக் கழற்றிச் செருப்போடு வாசலில் விட்டுவர முடிவதில்லை.

முதல் மூன்று வாரங்கள்

ஆசிரியை வந்த முதல் நாளில் எங்களுக்குக் கிடைத்த முதல் செய்தி அவருடைய குரல். ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பின் கடைசிப் பெஞ்சு வரை எட்டும் குரல் அது. ஆனால் தொண்டையை இறுக்கிப் பிழியும் குரல். மூச்சு மார்பின் மேல்பகுதியிலேயே நின்றுவிடும். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை, பிள்ளைகள் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதுபோல அழுத்தி முடிப்பார். முக்கியம் என்று நினைப்பதை இரண்டு முறை சொல்வார். ஆண்டுத் தேர்வுக் காலத்தில் தொண்டை கட்டிக்கொள்வது வழக்கம் என்றும், கற்கண்டும் மிளகும் கைப்பையில் எப்போதும் இருக்கும் என்றும் அவரே சொன்னார். தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றில் கை வைத்து, மூச்சு கீழிறங்குவதைக் கவனிப்பதும், வாயை மூடி 'ம்' என்ற ஒலியை உதட்டிலும் மூக்குத்தண்டிலும் அதிரவிட்டு, அந்த அதிர்வு குறையாமல் சொல்லுக்குள் நுழைவதுமாக வகுப்புதோறும் இருபது நிமிடம் பயிற்சி அளித்தோம். மூன்றாம் வார முடிவில் குரல் சற்றுத் தணிந்தது. தாடை மட்டும் இளகவில்லை.

குரலைவிடப் பெரிய தடை ஒன்று சற்றுத் தாமதமாகத்தான் என் கண்ணில் பட்டது. காட்சியை வாசிக்கும்போது, எதிரே இருப்பவர் பேசும் வரிகளுக்கும் இவருடைய உதடுகள் அசைந்தன. தன் வசனம், அவர் வசனம் இரண்டையும் பிழையறப் பாடம் செய்திருந்தார். அதனால் எதிராளி என்ன சொல்வார் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. தெரிந்ததைக் கேட்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. வகுப்பறையில் "புரியுதா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அடுத்த வரியை எழுதத் திரும்பும் ஆசிரியரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எழுபது நாட்களில் முடிக்க வேண்டிய பாடத்திட்டம் தலைக்கு மேல் தொங்கும்போது அப்படித்தான் செய்ய முடியும். அந்த வேகத்தை அவர் உடம்பு மேடைக்கும் கொண்டுவந்திருந்தது.

திரும்பச் சொல்லும் பயிற்சி

கேட்கப் பழக்குவதற்கு அமெரிக்க நடிப்பாசிரியர் சான்ஃபோர்ட் மைஸ்னர் வகுத்த திரும்பச் சொல்லும் பயிற்சியை எடுத்துக்கொண்டோம். இருவர் எதிரெதிரே அமர்வார்கள். ஒருவர் மற்றவரிடம் கண்ணால் காணும் ஒன்றைச் சொல்வார். மற்றவர் அதையே தன் நிலையிலிருந்து திரும்பச் சொல்வார். யாரிடமாவது ஏதாவது மாறும்வரை அதே வாக்கியம் இருவருக்கும் இடையே போய்வரும். சொல்லுக்கு வேலை இல்லாமல் போவதால், கவனம் தானாக எதிரே இருப்பவர் முகத்துக்குப் போய்ச் சேரும் என்பது இதன் அடிப்படை.

இந்தப் பயிற்சி தமிழில் வேறுவிதமாக நடக்கிறது என்பதை இந்தச் சுற்றில்தான் தெளிவாக உணர்ந்தேன். ஆங்கிலத்தில் வயதில் மூத்தவரையும் இளையவரையும் ஒரே சொல்லால் முன்னிலைப்படுத்தலாம். தமிழில் நீ, நீங்க என்ற சொற்களை விட்டுவிட்டாலும், வினைமுற்றே யார் பெரியவர் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆசிரியைக்கு இணையாக அமர்ந்தவர் மென்பொருள் நிறுவனத்தில் வேலைபார்க்கும் 29 வயது இளைஞர். அவர் "கண்ணைச் சிமிட்டுறீங்க" என்பார். இவர் "கண்ணைச் சிமிட்டுறேன்" என்பார். இவர் முறை வரும்போது "காலை ஆட்டுற" என்பார். அவர் "காலை ஆட்டுறேன்" என்பார். ஒவ்வொரு சுற்றிலும் அந்த 'றீங்க'வும் 'ற'வும் ஆசிரியையும் மாணவனுமாக அவர்களை இன்னும் இறுக்கமாகக் கட்டிப்போட்டன. பயிற்சி நடந்தது, இருவருக்கும் இடையே எதுவும் நடக்கவில்லை.

நான்காம் வாரம் ஞாயிற்றுக்கிழமை, வேகம் கூடிய ஒரு நேரத்தில், இளைஞர் வாய்தவறி "சிரிக்கிற" என்றார். ஆசிரியையின் முகம் ஒரு கணம் கல்லானது. பிறகு, நாங்கள் அதுவரை கேட்டிராத தாழ்ந்த குரலில், "சிரிக்கிறேன்" என்றார். இளைஞர் பயந்துபோனாலும் பயிற்சியின் விதியை விடவில்லை, கண்டதைச் சொன்னார்: "கோபப்படுற." "கோபப்படுறேன்." இந்த இரண்டு சொற்களும் ஏழெட்டு முறை போய்வந்தன; ஒவ்வொரு முறையும் அவற்றின் பொருள் மாறியது; கடைசியில் ஆசிரியையே உண்மையில் சிரித்துவிட்டார். கூடத்தில் இருந்த மற்ற பன்னிரண்டு பேரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடிந்ததும் இளைஞர், "சாரி டீச்சர், தெரியாம வந்துடுச்சு" என்றார். அதற்கு அவர், "பரவாயில்லப்பா. நீ அப்படிச் சொன்னதும் எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. அதுக்கப்புறம் அடுத்து என்ன சொல்லணும்னே யோசிக்கல, உன் மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றார். நடிப்பைப் பற்றி அந்தச் சுற்றில் யாரும் சொன்ன மிகச் சரியான வாக்கியம் அதுதான் என்று என் குறிப்பேட்டில் அன்றே எழுதி வைத்தேன். எழுதி வைத்தவன் அதன் பொருளை முழுமையாக உணர்ந்திருந்தால், அடுத்த வாரம் செய்ததைச் செய்திருக்க மாட்டேன்.

ஐந்தாம் வாரத் தவறு

சுற்றின் முடிவில் நடிப்பதற்காக ஒவ்வொரு இணைக்கும் ஐந்தாறு நிமிடக் காட்சி ஒன்றை வகுப்பிலேயே எழுதிக்கொள்கிறோம். இவர்களுடையது அக்காவும் தம்பியும் பேசும் காட்சி. செய்யாறு பக்கத்துக் கிராமத்தில் தாத்தா காலத்து வீடு. அப்பா இறந்து ஆறு மாதம் ஆகிறது. தம்பி சென்னையிலுள்ள அக்கா வீட்டுக்கு விடுதலைப் பத்திரத்தோடு வருகிறான். அவள் கையெழுத்திட்டால் வீடு அவன் பெயருக்கு மாறும். காட்சியின் நடுவில் அக்கா அழுகிறாள் என்று பிரதியில் ஒரு குறிப்பு இருந்தது. அதை எழுதியவன் நான்.

ஆசிரியையால் அழ முடியவில்லை. அழுவதுபோலக் குரலை நடுக்கினார். முந்தானையைக் கண்ணருகே கொண்டுபோனார். இரண்டும் பொய்யாக இருந்தன என்பதை அவரும் அறிந்திருந்தார். அப்போது நான் உணர்ச்சி நினைவுப் பயிற்சியைக் கையிலெடுத்தேன். நடிகர் தன் சொந்த வாழ்க்கையில் நேர்ந்த ஒன்றை, அந்நேரத்து வெளிச்சம், மணம், கைக்குப் பட்ட பொருள் எனப் புலன்வழியாக நினைவுகூர்ந்து, அப்போது எழும் உணர்ச்சியைப் பாத்திரத்துக்குப் பயன்படுத்தும் முறை அது. ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் தொடக்ககால ஆய்வுகளில் முளைத்து, அமெரிக்காவில் நடிப்பாசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்க்கால் பெரிதாக வளர்க்கப்பட்டது. ஆசிரியையின் தந்தை மூன்றாண்டுகளுக்கு முன் காலமானவர் என்பது அறிமுகப் பேச்சில் எனக்குத் தெரிந்திருந்தது. மருத்துவமனை நடைபாதையை நினைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அவர் அழுதார். விம்மி விம்மி அழுதார். வசனம் மறந்தது, எதிரே தம்பியாக நின்றவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார், என் உடன் பயிற்றுநர் எழுந்து வந்து அவரை அணைத்துக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். அடுத்த இரண்டு வாரமும், அதாவது நான்கு வகுப்புகளுக்கு, அவர் வரவில்லை. 72 மணி நேரத்தில் 12 மணி நேரம் என்னால் வீணானது.

நான் அவரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "சார், அன்னிக்கு அழுதது நான். அந்த அக்கா இல்ல" என்று மட்டும் சொன்னார். பிறகு சிறிது நேரம் கழித்து, "அவ எதுக்கு அழுவறான்னு எனக்கு இன்னும் தெரியல சார்" என்றார்.

இந்த முறையைப் பற்றிய சண்டை பழையது. நியூயார்க்கில் 1931-இல் தொடங்கிய குரூப் தியேட்டரில் ஸ்ட்ராஸ்பெர்க் இதை வலியுறுத்த, அதே குழுவின் ஸ்டெல்லா ஆட்லர் 1934-இல் பாரிஸ் சென்று ஸ்தானிஸ்லாவ்ஸ்கியையே நேரில் சந்தித்துச் சில வாரங்கள் பயின்று திரும்பி, பாத்திரத்தின் சூழ்நிலையும் செயலும்தான் முதன்மை, நடிகரின் சொந்தக் காயமன்று என்று வாதிட்டார். 1938-இல் மறைந்த ஸ்தானிஸ்லாவ்ஸ்கியும் தம் கடைசி ஆண்டுகளில் உடற்செயல்களின் வழியே பாத்திரத்தை அணுகுவதில்தான் முனைந்திருந்தார். இவையெல்லாம் படித்திருந்தும் அவசரத்தில் குறுக்குவழியை எடுத்தேன். குறுக்குவழி ஒருமுறை கண்ணீர் தரும். மறுநாள் ஒத்திகையில் அதே கண்ணீர் வராது. வந்தாலும் அது எதிரே நிற்கும் தம்பிக்கானது அன்று. மனநலப் பயிற்சி பெறாத நாங்கள், வார இறுதியில் மூன்று மணி நேரம் சந்திக்கும் ஒருவரின் துக்கத்தைத் திறந்துவிட்டு, பத்து மணிக்குக் கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதில் உள்ள பொறுப்பின்மையும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதன்பின் எங்கள் வகுப்பில் அந்தப் பயிற்சி இல்லை.

இழவா, இளிவா

எட்டாம் வாரம் அவர் திரும்பி வந்தார். கையில் ஒரு நோட்டு இருந்தது. காட்சியின் சூழ்நிலைகளை ஒரு கணக்கைப்போல எழுதி வந்திருந்தார்: அக்காவுக்குத் தன் வயதே என்று வைத்துக்கொண்டால் திருமணம் எந்த ஆண்டு, தம்பிக்கு அப்போது எத்தனை வயது, அப்பாவை மருத்துவமனையில் பார்த்துக்கொண்டது யார், செலவு யாருடையது. அதில் ஒரு பக்கம் முழுதும் சட்டம். தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமாகாத மகள்களுக்குக் குடும்பப் பூர்விகச் சொத்தில் மகன்களோடு சமபங்கு உண்டு. 2005-இல் நாடு முழுதும் மகள்களுக்கு அந்த உரிமை வந்தது. ஆகவே தொண்ணூறுகளின் இறுதியில் மணமான அந்த அக்காவுக்கு வீட்டில் பாதி உரியது. "இது தெரியாமலே நான் இத்தனை வாரம் 'கையெழுத்துதானே, போடறேன்'னு சொல்லிட்டிருந்தேன் சார்" என்றார். பிரதியை எழுதியவர்களில் ஒருவனாகிய எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

அன்றைய வகுப்பில் அக்காவின் அழுகைக்குக் காரணம் தேடினோம். இங்கே எனக்குக் கைகொடுத்தது, உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு என்பது பள்ளியிலேயே பலரும் படித்ததுதான். ஆனால் அந்த இயல் நடிகருக்குத் தரும் பெரும் உதவி அந்தப் பட்டியலில் இல்லை. ஒவ்வொரு மெய்ப்பாடும் எந்த நான்கு காரணங்களிலிருந்து பிறக்கிறது என்று அது பிரித்துச் சொல்வதில் இருக்கிறது. கண்ணைச் சுருக்கு, உதட்டை நடுக்கு என்று அங்கே கட்டளை இல்லை; எதனால் நேர்ந்தது என்ற கேள்விதான் இருக்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கு. இழவு என்பது உறவையோ உடைமையையோ இழப்பது. இளிவு என்பது பிறரால் இகழப்பட்டு எளிமைப்படுவது.

நான் அப்பாவின் மரணத்தை நினைக்கச் சொன்னபோது இழவைத் தேடச் சொல்லியிருந்தேன். காட்சியை மீண்டும் வாசித்தால் அங்கே இழவு ஆறு மாதம் பழையது. அன்று காலை புதிதாக நேர்ந்தது வேறு: தம்பி பத்திரம் எழுதி முடித்து, சாட்சிகளிடம் சொல்லிவைத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் மறுநாள் பத்து மணிக்கு நேரமும் குறித்த பிறகே அக்காவிடம் வந்திருக்கிறான். அவளிடம் எதுவும் கேட்கவே இல்லை. ஆசிரியை பிரதியில் அந்த வரிக்கு அடியில் கோடிட்டு, "இளிவு சார். இழவு இல்ல" என்றார். அதன்பின், அக்காவுக்கு இந்தக் காட்சியில் என்ன வேண்டும் என்று கேட்டேன். வீடு வேண்டும், பணம் வேண்டும், பாசம் வேண்டும் என்று மற்றவர்கள் சொல்லச் சொல்ல அவர் தலையசைத்து மறுத்தார். "அவன் என்னைக் கேக்கணும். 'அக்கா, எனக்குக் குடுக்கிறியா'ன்னு ஒரு வார்த்தை கேக்கணும். கேட்டா இவ மொத்தமாவே குடுத்துடுவா."

இந்த ஒரு வாக்கியத்தில் காட்சியின் எல்லா வரிகளும் திசை மாறின. காப்பி குடிக்கிறியா, பிள்ளை எப்படி இருக்கிறான், ஊரில் மழை உண்டா என்று அவள் கேட்பதெல்லாம் அவனைக் கேட்கவைப்பதற்கான வழிகள் ஆயின. அழுகைக் குறிப்பைப் பிரதியிலிருந்து அடித்துவிட்டேன்.

முருங்கைக்கீரை

மீதமிருந்தது கைகள். ஆசிரியை உணர்ச்சிப்பூர்வமான இடங்களில் ஆட்காட்டி விரலை உயர்த்துவார். கரும்பலகையில் தேற்றத்தைச் சுட்டுவது போன்ற அந்த அசைவை எத்தனை முறை சொல்லியும் நிறுத்த முடியவில்லை. நிறுத்து என்று சொல்வதே அதை அவர் மனத்தில் இன்னும் பெரிதாக்கியது. கைக்கு ஒரு வேலை கொடுத்தால் விரலைப் பற்றிய நினைவு போகும் என்று என் உடன் பயிற்றுநர் சொன்னார். அவரே மறுநாள் தெருமுனையில் முருங்கைக்கீரை ஒரு கட்டு வாங்கிவந்து, செய்தித்தாளை விரித்து, முறத்தையும் வைத்தார். விதி ஒன்றுதான்: தம்பி கிளம்புவதற்குள் கீரையை ஆய்ந்து முடிக்க வேண்டும், மதியச் சமையலுக்கு அது வேண்டும். பாவனை செய்யக் கூடாது. உண்மையிலேயே ஆய வேண்டும்.

நடிப்பில் பொருளின் இடம் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் புதியவர்கள் பெரும்பாலும் பொருளை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். உண்மையான வேலை கையில் இருக்கும்போது மூன்று காரியங்கள் நடக்கின்றன. கண்ணுக்குப் போக ஓர் இடம் கிடைப்பதால், எதிராளியைப் பார்ப்பது கடமையாக இல்லாமல் ஒரு தேர்வாகிறது. எப்போது நிமிர்ந்து பார்க்கிறார் என்பதே ஒரு சொல்லாகிறது. வேலைக்கென்று ஒரு தாளம் இருப்பதால், அது தடைபடும் இடம் பார்வையாளருக்குத் தெரிகிறது. உடம்பு தனக்கு நன்கு தெரிந்த ஒன்றைச் செய்வதால் தாடையும் தோளும் தாமாக இளகுகின்றன. இவர் நாற்பதாண்டு கீரை ஆய்ந்த கை உடையவர். பத்து வாரமாக நாங்கள் சொல்லி இளகாத தாடை, முதல் காம்பை உருவியபோதே இளகியது.

அந்த ஒத்திகையில், "பத்திரம் எழுதியாச்சுக்கா, சாட்சிக்கும் ரெண்டு பேர்கிட்ட சொல்லி வச்சுட்டேன்" என்று இளைஞர் சொன்னபோது ஆசிரியையின் கை காம்பின் பாதியில் நின்றது. நிற்கச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. பிறகு கை மீண்டும் ஓடியது, ஆனால் இப்போது இலையோடு காம்பும் சேர்ந்து முறத்தில் விழுந்தது, பார்க்காமல் உருவிக்கொண்டிருந்தார். குரல் உயரவில்லை. "எத்தன மணிக்குன்னு சொன்ன?" என்ற அவருடைய அடுத்த வரியைக் கேட்டு, சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒருவர் மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது. ஆசிரியையின் கண்களில் ஈரமில்லை.

இளைஞரின் பங்கையும் சொல்ல வேண்டும். காட்சியில் தம்பி அக்காவை ஒருமையில்தான் அழைக்கிறான். வகுப்புக்கு வெளியே டீச்சர், வாங்க என்று பேசும் அவருக்கு அது கடினமாகவே இருந்தது. நான்காம் வாரம் வாய்தவறி வந்த அந்த 'ற'வை நினைவில் வைத்துக்கொண்டு, ஒத்திகை தொடங்கும் முன் இருவரும் இரண்டு நிமிடம் திரும்பச் சொல்லும் பயிற்சியை ஒருமையிலேயே செய்துவிட்டுக் காட்சிக்குள் நுழைவதை அவர்களே வழக்கமாக்கிக்கொண்டார்கள்.

இரண்டு மாலைகள்

பன்னிரண்டாம் வாரம் சனி, ஞாயிறு மாலைகளிலும் கூடத்தை எடுத்து, குடும்பத்தினரும் நண்பர்களுமாக ஏறத்தாழ அறுபது பேர் முன்னிலையில் எல்லாக் காட்சிகளையும் நிகழ்த்தினோம். ஒலிவாங்கி இல்லை, மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சனிக்கிழமை ஆசிரியையின் தாழ்ந்த குரல் கடைசி வரிசைவரை கேட்டது. கை நின்றது, காட்சி பிடித்தது, முடிந்தபின் சில நொடிகள் யாரும் கைதட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் கை நின்றது, ஆனால் தம்பி வரியை முடிப்பதற்கு முன்பே நின்றது. முந்தைய நாள் பாராட்டப்பட்டதை அவர் நடித்துக்காட்டத் தொடங்கியிருந்தார். தேர்ந்த நடிகர்களுக்கும் நேர்வது இது. நேற்று கேட்டதால் நிகழ்ந்தது, இன்று நிகழவேண்டும் என்பதற்காகக் கேட்பதுபோலப் பாவனை செய்யப்படுகிறது. குரலிலும் பழைய அழுத்தம் எட்டிப்பார்த்தது. ஒருமுறை விரல்கூட உயர்ந்தது. காட்சியைக் காப்பாற்றியவர் இளைஞர். பத்திரத்தோடு பேனாவையும் தரையில் வைப்பதுதான் ஒத்திகையில் முடிவானது. அவர் அன்று பேனாவை நேராக முறத்துக்குள், கீரையின்மேல் வைத்தார். ஆசிரியை அதை எதிர்பார்க்கவில்லை. பேனாவையும் அவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "எடு அத" என்றார். பிரதியில் இல்லாத வரி. அதிலிருந்து இறுதிவரை அவர் மறுபடி கேட்டார்.

கடைசி அரைநிமிடம் இரண்டு நாளும் வேகமாக ஓடிவிட்டது. கையெழுத்திட்ட பிறகு தம்பி வெளியேறும்வரை அக்கா பேசாமல் இருக்க வேண்டும். அந்த மௌனத்தை ஆசிரியையால் தாங்க முடியவில்லை. மணி அடித்த வகுப்பைப்போல எழுந்துவிட்டார்.

அடுத்த சுற்று

அவர் மீண்டும் சேர்ந்திருக்கிறார். இந்த முறை அதே காட்சியை, அதே இளைஞரோடு, கீரை இல்லாமல் செய்து பார்க்கலாமா என்று அவரே கேட்டார். கைவேலையின் துணையின்றிக் கேட்க முடிகிறதா என்று அறிய விரும்புகிறார். அது சற்று முன்கூட்டிய ஆசை என்று என் உடன் பயிற்றுநர் கருதுகிறார். எனக்கு இப்போதே முயலலாம் என்று தோன்றுகிறது. இரண்டு வாரம் ஆகியிருக்கிறது. விரல் உயர்வதில்லை. தம்பி பத்திரத்தைப் பற்றிச் சொல்லும் இடம் வரும்போது மட்டும் அவருடைய கைகள் மடியில் எதையோ தேடுகின்றன.